தண்ணீர் போன வழி

என் கார் என் மகனைவிட மூத்தது. அவன் பிறப்பதற்கு முன்பே அது ஓடவும் நிற்கவும் கற்றுக்கொண்டுவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவனைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தது அந்தக் கார்தான். வழியில் ஒரு பெரிய பள்ளம். நான் பிரேக்கை மிதிக்கவில்லை. குழந்தை தூங்குகிறது என்று கார் தானாகவே மெதுவாக இறங்கி, மெதுவாக ஏறியது. இதைச் சொன்னால் என் மகன் முன்பெல்லாம் சிரிப்பான். இப்போது சிரிப்பதில்லை, கடிகாரத்தைப் பார்க்கிறான்.

நான் சொல்வதில் பாதி பொய் என்பாள் என் வீட்டுக்காரி. மீதிப் பாதியை அவள் காதில் வாங்கியதே கிடையாது. காருக்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி. நான் வெள்ளிக்கிழமை தோறும் வண்டியைக் கழுவும்போது சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வரும்: "சக்களத்திக்கு முதுகு தேய்ச்சு முடிச்சாச்சுன்னா சாப்பிட வாங்க."

பாலத்துக்கு அந்தப் பக்கம், லாரிகள் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது. நான் தினமும் காலையில் காரை எடுத்துக்கொண்டு அங்கே போவேன். நாலைந்து பேர் எப்போதும் இருப்பார்கள். நான் வாயைத் திறந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். மீன் லாரி ஓட்டிய காலத்தில் ஒரு மீன் எனக்கு வழி சொன்ன கதையை அவர்கள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்கள். மீன் எப்படிப் பேசும் என்று ஒருவரும் கேட்டதில்லை. எந்தச் சந்தில் திரும்பச் சொன்னது என்றுதான் கேட்டார்கள். அப்படிப்பட்ட மனிதர்கள் கிடைப்பது அபூர்வம். அந்தப் பக்கம் பஸ்ஸும் போகாது, ஆட்டோவும் வராது. என் முழங்கால் எங்கள் தெருமுனையோடு நின்றுவிடும். ஆகவே கார் இருக்கும்வரை என் பேச்சைக் கேட்க ஆள் உண்டு. கார் போனால் நான் வீட்டுச் சுவரோடு பேச வேண்டியதுதான். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் வீட்டுச் சுவர் மகன் கட்டியது, அதற்கு அதுவும் கிடையாது.

விஷயம் கேட் தூணில் ஆரம்பித்தது. அதை நான் இடித்துவிட்டேன் என்று வீட்டில் ஒரு பேச்சு. உண்மையில் தூண்தான் ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. அன்றைக்குச் சாப்பாட்டின்போது மகன் தொண்டையைச் செருமினான்.

"அப்பா, இனிமே நீங்க வண்டி ஓட்ட வேண்டாம். கண்ணு சரியில்ல."

"உன் சட்டையில ரெண்டாவது பட்டன் போடல. இங்கிருந்தே தெரியுது."

"வெளையாடாதீங்கப்பா. ஏதாவது ஒண்ணு ஆயிட்டா யாரு பாக்கறது?"

"நீதான். அதுக்குத்தானே பெத்தது."

"அவன் நல்லதுக்குத்தானே சொல்றான்" என்றாள் வீட்டுக்காரி.

"யாரோட நல்லதுக்கு?"

மகன் மோரை ஊற்றிக்கொண்டான். நானே முடித்துவைத்தேன். "இதோ பாரு. அந்த இன்ஜின் என்னைக்குப் போகுதோ, அன்னைக்கு சாவிய உன் கையில கொடுத்துடறேன். அதுவரைக்கும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

"நிச்சயமா?"

"நான் என்னைக்காவது பொய் சொல்லியிருக்கேனா?"

எல்லாரும் அவரவர் தட்டைப் பார்த்தார்கள்.

அந்த இன்ஜின் போகாது என்று எனக்குத் தெரியும். என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டுத் தானாக வீட்டுக்குத் திரும்பி ஷெட்டில் நிற்கும், அப்படிப்பட்ட இன்ஜின். மகனுக்கும் அது தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறான். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக விடியும் முன்பே எழுந்து கிளம்பிவிடுவான். கை அவ்வளவு சுத்தம். ஊசி போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது, ஒரு சொட்டு கீழே விழாது. முதலில் பஞ்சால் துடைப்பான், எடுப்பான், நாலாக மடித்த பஞ்சை வைத்து அழுத்துவான். கைக்கு அது பழகிப்போய்விட்டது. வீட்டில் தேன் பாட்டிலைத் திறந்தாலும் அதன் வாயைப் பஞ்சால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் திறப்பான். மூடியபிறகு இன்னொரு முறை. "தேன் பாட்டிலுக்கு வலிக்குமா?" என்று நான் கேட்டதுண்டு.

தூண் விவகாரத்துக்குச் சில நாள் கழித்து, அவன் கார் ஷெட்டில் டேப்பை விரித்து நீள அகலம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா அளக்கற?"

"சும்மாதான்ப்பா."

சும்மா அளக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அளவை இரண்டாம் தடவை சரிபார்க்க மாட்டார்கள்.

அதற்கடுத்த வாரம் பாலத்து ஏற்றத்தில் காரின் சூடு காட்டும் முள் மேலே ஏறியது. நிறுத்தி, ஆறவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் பாதிக்கு மேல் இல்லை. கீழே குனிந்து பார்த்தால் ஒரு ஈரமும் கிடையாது. தண்ணீரை ஊற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். இரண்டு நாள் கழித்து மறுபடி அதே கதை. ஊற்றுவதும் குறைவதுமாக வாரம் ஓடியது.

எங்கள் மெக்கானிக்குக்கு மூக்கன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. ஊர் வைத்தது இது. எந்த வண்டியின் நோயையும் மோந்து பார்த்தே சொல்லிவிடுவேன் என்பது அவன் கொள்கை. எதிரே வருகிற லாரியின் டிரைவர் காலையில் என்ன சாப்பிட்டான் என்று சொல்லிவிடுவான், அதில் பாதி சரியாக இருக்கும். அன்றைக்கு அவனுக்குப் பலத்த ஜலதோஷம். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து, இன்ஜினை ஓடவிட்டு, பின்னால் புகைக்குழாய் அருகே உட்கார்ந்து மோந்தான். வெள்ளையாகப் புகை வந்தது. அவன் வாயிலிருந்தும் வெள்ளையாகத்தான் வந்தது, குளிர்காலம்.

"ஹெட் கேஸ்கெட்" என்றான்.

என்னோடு வந்திருந்த மகன் உடனே கேட்டான். "உறுதியாங்க?"

"தித்திப்பு வாசனை அடிக்குது. தண்ணி உள்ள போயி எரியுது."

"உனக்கு மூக்கே அடைச்சிருக்கேய்யா" என்றேன்.

"அடைச்ச மூக்குக்கே தெரியுதுன்னா பாத்துக்குங்க பெரியவரே."

ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற ஒரு தகடு. ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் ஆயில். ஒன்றோடு ஒன்று சேரவிடாமல் நடுவில் நசுங்கிக்கொண்டு கிடப்பது அதன் வேலை. எங்கள் வீட்டில் அந்த வேலையை என் வீட்டுக்காரி பார்க்கிறாள். தகடு ஒரு இடத்தில் விட்டுப்போனால் தண்ணீர் நெருப்புக்குள் போகும், இன்ஜின் கொதிக்கும், தலை வளையும். பழைய வண்டிக்கு அது வந்தால் சாவு மேளம்தான், யாரும் பிரித்துச் சரிசெய்ய மாட்டார்கள், எடைக்குப் போடுவார்கள்.

"இன்ஜின் போச்சுன்னுதானேப்பா அர்த்தம்?" என்றான் மகன். அவன் குரலில் கவலை இருந்தது. லேபில் மோசமான ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போது வைத்துக்கொள்கிற அதே கவலை, அளவோடு.

"ஜலதோஷக்காரன் சொன்னா போதாது. டெஸ்ட் பண்ணட்டும். நீயே டெஸ்ட் இல்லாம எதையும் சொல்ல மாட்டியே" என்றேன்.

வேறு வழியில்லாமல் தலையாட்டினான். தொழில் தர்மம்.

காரை மூக்கன் பட்டறையில் விட்டேன். ரேடியேட்டரில் தண்ணீருக்குப் பதிலாகப் பச்சை நிறக் கூலண்ட் நிரப்பினான், ஒழுகினால் நிறத்தில் தெரியும் என்று. அவன் ஜலதோஷம் விடும்வரை வண்டி அங்கேயே கிடந்தது. நான் தினமும் ஆட்டோ பிடித்துப் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உடம்பு சரியில்லாதவர்களைப் பார்க்கப் போனால் பழம் வாங்கிப் போவது மாதிரி நான் போகும்போது ஒரு துண்டுத் துணி எடுத்துப் போவேன், கண்ணாடியைத் துடைக்க.

மூக்கு திறந்ததும் அவன் முறையாக ஆரம்பித்தான். முதலில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தான். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் பால் ஊற்றின காபி மாதிரி இருக்கும். இது கட்டங்காபியாக இருந்தது.

பிறகு ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றி பெஞ்சில் வரிசையாக வைத்தான். தண்ணீர் போகிற சிலிண்டரின் பிளக் மட்டும் ஆவியில் கழுவினது மாதிரி பளிச்சென்று இருக்குமாம். நாலும் ஒரே மாதிரி கறுத்து, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல இருந்தன.

அந்த ஓட்டைகளில் மீட்டரைத் திருகி அழுத்தம் பார்த்தான். "இந்த வயசுல எனக்கே இவ்வளவு அழுத்தம் இல்ல பெரியவரே" என்றான். ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டிக் காற்றடித்துவிட்டு இரண்டு பேரும் டீ குடித்து வந்தோம். பம்பின் முள் வைத்த இடத்திலேயே இருந்தது, ஒழுகல் இல்லை.

கடைசியாக ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தான். உள்ளே நீல மருந்து. அதை ரேடியேட்டர் வாயில் வைத்து, இன்ஜின் ஓடும்போது வருகிற காற்றை அந்த மருந்து வழியாக உறிஞ்ச வேண்டும். தகடு விட்டுப்போயிருந்தால் புகை தண்ணீருக்குள் வந்து மருந்து மஞ்சளாகிவிடும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அரை மணி நேரம் மூச்சை விடவில்லை. மருந்து நீலமாகவே இருந்தது.

"கேஸ்கெட் கல்லு மாதிரி இருக்கு" என்றான் மூக்கன், ஏதோ அவன்தான் முதலிலிருந்தே அப்படிச் சொன்னது போல.

"அப்ப தண்ணி எங்கய்யா போகுது?"

அவன் தலையைச் சொறிந்தான். "இங்க வந்ததுலேருந்து ஒரு சொட்டு குறையல. உங்க வீட்டுல ஓட்டாம நிறுத்தி வெச்சாலும் குறையுதான்னு பாருங்க. எடுத்துட்டுப் போங்க. பாக்கலாம்."

வீட்டுக்குக் கொண்டுபோனேன். "ரிப்போர்ட் என்னப்பா?" என்றான் மகன். "இன்னும் ஒரு தரம் பாக்கணும்னு சொல்றான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வாய்க்குப் பழக்கம். அடுத்த நாள் காரை ஷெட்டைவிட்டு வெளியே எடுக்கவே இல்லை. அதற்கு மறுநாள் காலை மூடியைத் திறந்தால் கூலண்ட் கீழே போயிருந்தது. நான் தண்ணீர் கேனிலிருந்து நிரப்பிக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

மூக்கன் பானெட்டைத் தூக்கி, இந்த முறை மோக்காமல் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"பெரியவரே, இங்க வாங்க. இது உங்க வண்டிதானே?"

"என் பொண்டாட்டியக் கேட்டுப் பாரு."

"இன்ஜின் பூரா எண்ணெயும் புழுதியும். ரேடியேட்டர் வாய் மட்டும் பாருங்க."

பார்த்தேன். ரேடியேட்டரின் வாயும் மூடியும் குழந்தையின் கன்னம் மாதிரி சுத்தமாக இருந்தன. அதைச் சுற்றி விரல் அகலத்துக்கு ஒரு வட்டம், பித்தளை பளபளத்தது. அதற்கு வெளியே முப்பது நாற்பது வருஷத்து அழுக்கு. மூக்கன் ரேடியேட்டருக்கும் முன்வலைக்கும் நடுவில் கையைவிட்டு எதையோ எடுத்தான். ஒரு துண்டுப் பஞ்சு. வெளுத்த பச்சை நிறம். மோந்து பார்த்தான்.

"கூலண்ட்" என்றான். "எவனோ மூடியத் துடைச்சுட்டுத் தொறந்திருக்கான். குழாய் விட்டு உறிஞ்சியிருக்கான். மறுபடி துடைச்சுட்டு மூடியிருக்கான். எந்தத் திருடன் பெரியவரே இவ்வளவு சுத்தம் பாப்பான்?"

பஞ்சு நாலாக மடித்திருந்தது.

நான் அதை அவன் கையிலிருந்து வாங்கினேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மூக்கன் என் முகத்தைப் பார்த்தான். அவன் முட்டாள் இல்லை. வாயாடி, அவ்வளவுதான்.

"உங்க வீட்டுல யாருக்கோ தாகம் ஜாஸ்தி போல" என்றான் மெதுவாக.

"யார்கிட்டயும் சொல்லாத."

"நீங்க கேளுங்க. நேரா கேட்டுடுங்க பெரியவரே. இப்படிக் கொறஞ்ச தண்ணியில ஓட்டினீங்கன்னா, இல்லாத சீக்கு நெஜமாவே வந்துரும். நல்ல கேஸ்கெட் வெந்து போயிடும்."

"நான் எதுக்குக் கேக்கணும்? எடுத்தவன் சொல்லட்டும்."

வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரி அடுப்படியில் இருந்தாள். வாசற்படியில் நின்றுகொண்டு கேட்டேன்.

"உனக்குத் தெரியுமா?"

"என்னது?" என்றாள். திரும்பவில்லை. எதைப் பற்றிக் கேட்கிறேன் என்று நான் சொல்லாமலே அவள் திரும்பாமல் இருந்தாள். நாற்பது வருஷமாக நான் வாசற்படியில் நின்று ஏதாவது கேட்டால் அவள் கரண்டியோடு திரும்பி என்னை ஒரு தரம் முறைத்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். பாத்திரம் கழுவுகிற இடத்தில், மூடிபோட்ட பழைய பிளாஸ்டிக் ஜாடி ஒன்று கவிழ்த்துவைத்திருந்தது. அதன் அடியில் ஒரு பச்சை வட்டம்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

மறுநாள் விடிவதற்கு முன்பே தூறல். நான் சீக்கிரமே எழுந்து ஷெட்டுக்குப் போய் மூடியைத் திறந்து விரலைவிட்டேன். விரல் நனையவில்லை. மூடி இன்னும் ஈரமாக, சுத்தமாக இருந்தது. தண்ணீர் கேனை நிரப்பினேன். ரேடியேட்டரில் ஊற்றவில்லை. கேனைப் பின்சீட்டில், முன்னால் உட்காருகிறவனுக்கு நேர் பின்னால் வைத்தேன். கையைப் பின்னால் நீட்டினால் எட்டும்.

மகன் வாசலில் ஸ்கூட்டரின் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏறுடா. லேப்ல விட்டுடறேன்."

"வேண்டாம்ப்பா. தூறல்தானே. நனைஞ்சுக்கிட்டே போயிடறேன்."

"நனைஞ்ச கையோட ஊசி குத்துவியா? ஏறு."

"ஏறித்தான் போயேன்டா" என்றாள் உள்ளேயிருந்து அவன் அம்மா. இதை அவள் யோசிக்காமல் சொல்லிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

ஏறினான். மடியில் பையை வைத்துக்கொண்டான். பெல்ட்டைப் போட்டுக்கொண்டான். கிளம்பியதும் அவன் கண் முதலில் போனது முள்ளுக்கு. நான் பார்க்காதது போலப் பார்த்தேன்.

அவன் லேப் பாலத்துக்கு இந்தப் பக்கம். நான் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை.

"அப்பா, லேப் அங்க."

"தெரியும்டா. பாலம் வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வரலாம். உன்னோட ஒரு வார்த்தை பேசணும்னா ரத்தம் குடுத்தாத்தான் முடியுது."

முள் நடுவுக்கு வந்திருந்தது.

"ஒரு கதை சொல்றேன் கேளு" என்றேன். "ஒரு ஊர்ல உன்னை மாதிரியே ஒருத்தன் லேப் வெச்சிருந்தான். ஊசின்னா ஜனங்க பயப்படறாங்கன்னு ஒரு கொசுவ வளர்த்தான். நல்ல ஜாதிக் கொசு. அதுக்கு ஒண்ணு ரெண்டு எண்ணக் கத்துக்குடுத்தான். போய் உக்காரும், எவ்வளவு சொன்னானோ அவ்வளவு எடுக்கும், ஒரு சொட்டு அதிகம் எடுக்காது, கொண்டுவந்து குழாயில விட்டுடும். கடிச்சதே தெரியாது."

"அப்பா, முள்ளு ஏறுது."

"கதையக் கேளு. ஊர் பூரா அதுக்குப் பேரு. ஒருநாள் அவனுக்கே காய்ச்சல். கொசுவக் கூப்பிட்டு, எனக்கு எடுன்னான். கொசு அவனைச் சுத்திச் சுத்தி வந்துச்சே ஒழிய உக்காரல. ஏன்னு கேட்டான்."

நான் நிறுத்தினேன். டீக்கடையில் இந்த இடத்தில் நிறுத்தினால் நாலு பேரும் ஒன்றாக 'ஏன்?' என்பார்கள். மகன் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியில் வியர்வை. மழைநாள்.

"வீட்டாளுங்க ரத்தத்தை எடுக்க மாட்டேன்னுடுச்சாம்" என்று நானே முடித்தேன். "அது கொசு. அதுக்குக் கூட ஒரு இது இருக்கு."

பின்சீட்டில் கேன் தண்ணீர் அலம்பியது. பாலத்து ஏற்றம் ஆரம்பித்தது.

"நிறுத்துங்கப்பா. ஓரமா நிறுத்துங்க. கொஞ்சம் ஆறட்டும்."

"எதுக்கு?"

"ரொம்ப சூடாகுது."

"அது தெரியுது. ஏன் சூடாகுதுன்னு கேட்டேன்."

அந்த நேரத்தில் அவன் என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன், பாலத்தில் அப்படிப் பார்க்கக் கூடாதுதான். ஒரே ஒரு வாக்கியம். 'நான்தான் எடுத்தேன்ப்பா' என்றால் போதும். அங்கேயே நிறுத்தியிருப்பேன். கேனை எடுத்து ஊற்றியிருப்பேன். திட்டியிருப்பேன், பிறகு இரண்டு பேரும் அந்தப் பக்கம் போய் டீ குடித்திருப்போம். சாவியைக்கூடக் கொடுத்திருப்பேனோ என்னவோ.

அவன் உதடு பிரிந்தது. பிறகு தன் சட்டையின் இரண்டாவது பட்டனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"கேஸ்கெட்தான்ப்பா" என்றான். "நான்தான் சொன்னேனே."

நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

முள் சிவப்புக்குள் போய், அதற்கு மேல் போக இடமில்லாமல் நின்றது. இன்ஜினுக்குள் யாரோ கூழாங்கற்களை உலுக்குவது மாதிரி ஒரு சத்தம். கார் ஏற முடியாமல் இழுத்தது. பாலத்தின் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், முன்பக்கம் முழுவதும் வெள்ளையாக எழும்பிக் கண்ணாடியை மூடியது. பிறகு நின்றுவிட்டது. அந்தப் பக்கம் டீக்கடையின் தகரக் கூரை தெரிந்தது. அதுவரை என்னை எங்கேயும் பாதியில் விட்டதில்லை அது.

இரண்டு பேரும் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தோம். ஆவி அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. அவன் வாடிக்கையாளர்கள் வெறும் வயிற்றோடு காத்திருப்பார்கள் என்று எனக்கு ஞாபகம் வந்தது. அவனிடம் சொல்லவில்லை.

மூக்கன் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனான். இந்த முறை மருந்து விநாடியில் மஞ்சளானது. ஆயில் குச்சியை உருவினால் நல்ல பால் காபி. ஒரு பிளக் மட்டும் கழுவினது போல் வெளுத்திருந்தது. புகை உண்மையிலேயே தித்தித்தது, எனக்கே தெரிந்தது.

"நல்ல இன்ஜின்" என்றான் மூக்கன். என்னையும் பார்த்தான், மகனையும் பார்த்தான். "ரெண்டு பேரும் சேர்ந்து" என்று ஆரம்பித்தான். நான் கையைக் காட்டினேன். வாயை மூடிக்கொண்டு துணியில் கையைத் துடைத்தான்.

மகன் என் தோளில் கை வைத்தான். "விடுங்கப்பா. வயசான வண்டி. நான் அப்பவே சொன்னேன்ல."

நான் சொன்ன சொல் தவறாதவன். சாவியைக் கொடுத்தேன்.

வண்டியை எடுத்துப் போக ஆள் வந்த அன்று என் வீட்டுக்காரி கேட்டுக்கு வந்து நின்றாள். லாரியின் பின்னால் அது ஏறி, தெருமுனை திரும்பும்வரை நின்றாள். உள்ளே வந்து சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். சக்களத்தி போனால் கொண்டாட வேண்டியதுதானே என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. ஜாடியும் அதற்குப் பிறகு வீட்டில் காணவில்லை.

ஷெட்டுக்கு வெள்ளையடித்தார்கள். தரையில் ஓடு. மகன் சரியாகத்தான் அளந்திருந்தான், மேஜையும் நாற்காலிகளும் கச்சிதமாக உட்கார்ந்தன. பக்கத்துத் தெருக்காரர்கள் இப்போது காலையில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்து வரிசையாக உட்காருகிறார்கள். அவர்களிடம் நான் ஒருநாள் மீன் வழி சொன்ன கதையை ஆரம்பித்தேன். ஒரு அம்மாள், "மீன் எப்படிங்க பேசும்?" என்று கேட்டாள். எழுந்து உள்ளே வந்துவிட்டேன்.

போன வாரம் மகன், "உங்களுக்கும் சுகர் பாத்து ரொம்ப நாளாச்சுப்பா. வாங்க" என்றான். போய் உட்கார்ந்தேன். கார் நின்ற அதே இடம். இன்ஜின் இருந்த பக்கத்தில் நாற்காலி. கையை நீட்டினேன். பஞ்சால் துடைத்தான். ஊசி போனது தெரியவில்லை. குழாயில் சிவப்பு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அளவு வந்ததும் நின்றது. நாலாக மடித்த பஞ்சை வைத்து என் முழங்கையை மடக்கினான்.

"அழுத்திப் பிடிங்க. வலிச்சுதாப்பா?"

"இல்லடா. எடுத்ததே தெரியல."

அவன் கை ஒரு கணம் என் முழங்கை மேலேயே நின்றது. பிறகு குழாயில் என் பெயரை ஒட்டினான், வாசலைப் பார்த்து அடுத்தவரைக் கூப்பிட்டான்.